தார்ப்பாய்க்குக் கீழே ஒரு தவளை

கோடை வந்ததும் கொல்லைக் குளத்துச் சேற்றில் புதைந்து தூங்கப்போன தவளை, "மழை வந்தா எழுப்பு தம்பி" என்று கெண்டை மீனிடம் சொல்லியிருந்தது.

குளம் ஒழுகுகிறதென்று வீட்டுக்காரர் தண்ணீரை இறைத்து, மீனை வாளியில் போட்டுவிட்டு, சேற்றின் மேலேயே புதுத் தார்ப்பாயை விரித்தார். தவளை எப்போதோ குதித்துப் போயிருக்கும் என்று வாளிக்குள் மீன் மனதைத் தேற்றிக்கொண்டது.

பிறகு வீட்டுக்காரர் குளத்தில் தண்ணீர் நிரப்பி மீனைத் திரும்ப விட்டார். ஐப்பசியில் மழை கொட்டியது. மனசு கேட்காமல் மீன் அடிக்குப் போய், "அண்ணே, மழை வந்திருச்சு" என்றது.

தார்ப்பாய் லேசாகப் புடைத்தது. "கேக்குது தம்பி. மேல வர வழியைத்தான் காணோம்."

வாய் புண்ணாகும்வரை மீன் கொத்திப் பார்த்தது. தார்ப்பாய் கிழியவில்லை.

"இன்னும் பெய்யுதா?" தவளையின் குரல் கம்மியிருந்தது.

"நின்னு போச்சு அண்ணே. நீங்க தூங்குங்க" என்றது மீன்.

மேலே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.