ரூட் எழுபத்திரண்டு

"கணக்குல ரூட் எழுபத்திரண்டைச் சுருக்கணுமாம். பொண்ணு முழிக்கிறா. நான் ரெண்டு ரூட் பதினெட்டுன்னு போட்டேங்க," என்றாள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனிடம் போனில்.

"பதினெட்டுக்குள்ள இன்னும் ஒன்பது இருக்கே. அதையும் மூணா வெளியே எடு."

"அப்போ ஆறு ரூட் ரெண்டா?"

"அதேதான். தினமும் நாலையே எடுக்கிறே. முதல்லயே முப்பத்தாறை எடுத்தா ஒரே வரியில முடிஞ்சிருக்கும்."

"அது எனக்கு எங்கேங்க தோணுது? இன்னொண்ணு இருக்கு, ரூட் இருநூறு."

அறைக்குள் வந்த மகள் சத்தமாகவே கேட்டாள்: "பரீட்சை முடிஞ்சு பத்து நாளாச்சேம்மா. யாருக்கு இந்தக் கணக்கு?"

அம்மா அவசரமாகப் போனைப் பொத்தினாள். பிறகு தயங்கித் தயங்கிக் காதில் வைத்தாள்.

"அவ பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா," என்றான் கணவன். "இருநூறுதானே? நாலுலேயே ஆரம்பி. ஒரே வரியில முடிச்சிடாதே."