ஃபுல் ஸ்பெக்

ஒரு விடுகதை. அதில் எல்லாம் இருக்கும். ஆனாலும் அது கோசோங். அது என்ன?

கோசோங் என்றால் காலி என்று மலேசியாவின் கெடாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரொட்டியில் முட்டை விழாவிட்டால் கோசோங். தேநீரில் சீனி விழாவிட்டால் கோசோங். காடியில், அதாவது காரில், ஆடம்பரம் எதுவும் இல்லாவிட்டால் அதுவும் கோசோங். யோகேஸ்வரனுக்கு முதல் இரண்டும் பிடிக்கும். மூன்றாவதைக் கேட்டாலே காது கூசும்.

அவருக்குச் சுங்கைப் பட்டாணியில் இரும்புக்கடை. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் அவரே. “நம்ம பிள்ளைங்கள நாமதான் ஏத்திவிடணும்” என்று கூட்டம் தவறாமல் பேசுவார்.

ஏற்றியும்விட்டார். மகள் யாஷ்வினியைப் பள்ளிக்குக் கொண்டுபோகும்போது, சுங்கை லாலாங் முச்சந்தியில் நிற்கும் அவள் தோழி லோகாவையும் பழைய காடியில் ஏற்றிக்கொள்வார். லோகாவின் அம்மா பிரேமாவதிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் விடிவதற்குள் வேலை தொடங்கிவிடும். மகளைப் பள்ளிக்கு அனுப்ப இதைவிட்டால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. இந்த உதவியை யோகேஸ்வரன் யாரிடமும் சொல்லாமல் விட்டதுமில்லை.

இப்போது அவர் புதுக் காடி வாங்கப் புறப்பட்டார். பெட்ரோலும் குடிக்கும், சுவரில் வயரைச் சொருகினால் மின்சாரமும் குடிக்கும், அந்த வகை. புகையைக் குறைத்துப் பூமியைக் காப்பாற்றத்தான் என்று கோயில் கமிட்டியில் சொல்லி வைத்திருந்தார்.

விற்பனை நிலையத்தில் ரமணி என்ற பெண் நிதானமாக விளக்கினாள். இரண்டு ரகம் உண்டு. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே, பேட்டரி ஒன்றே, விபத்தில் காக்கும் காற்றுப்பைகூட ஒரே மாதிரிதான். ஃபுல் ஸ்பெக்கில் பால்நிறத் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, காலை நீட்டினால் தானே திறக்கும் பின்கதவு. மற்றதில் கறுப்புத் துணி இருக்கை. கூரை கூரையாகவே இருக்கும்.

யோகேஸ்வரனுக்கு ஒரே ஒரு சந்தேகம். பின்னால் வருகிற காடிக்காரனுக்கு இது எந்த ரகம் என்று தெரியுமா?

“பின்னாடி எழுத்து இருக்குண்ணே. தங்கக் கலர்ல.”

அத்துடன் அவர் மனம் தெளிந்துவிட்டது. கோத்தா கோலா மூடாவில் இருக்கும் மச்சான் குணாளன் போன மாதம் எடுத்தது கோசோங்.

இருந்தாலும் நாலு பேர் பார்க்கிற இடம். பெரிய மனதோடு மகளைக் கேட்டார்.

“நீயே சொல்லு யாஷு. எது வேணும்?”

யாஷ்வினி இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பிறகு தன் காலணியைக் காட்டி ரமணியைக் கேட்டாள். “இதுல லோகா சப்பாத்தோட ஏறலாமாக்கா?”

ரமணி பால்நிற இருக்கையைப் பார்த்தாள். அடுத்து யோகேஸ்வரன் முகத்தைப் பார்த்தாள். “மண்ணு பட்டா கறையாயிடும்லா கண்ணு. கறுப்புத் துணின்னா தெரியாது.”

“அப்ப கோசோங் போதும்ப்பா.”

யோகேஸ்வரன் அந்த இடம் முழுக்கக் கேட்கும்படி சிரித்துவிட்டு, ஃபுல் ஸ்பெக்குக்குக் கையெழுத்துப் போட்டார். பிள்ளையின் பாதுகாப்புதான் முக்கியம் என்று எல்லாரிடமும் காரணம் சொன்னார்.

கோயிலில் பூசை நடந்தது. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, எஞ்சின் சத்தத்துக்காகக் குருக்கள் காத்து நின்றார். சத்தமே இல்லாமல் காடி பழங்களை நசுக்கிக்கொண்டு வர, மனிதர் குதித்துத் தப்பினார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் யோகேஸ்வரன் காடிக்குப் பின்னால் போய்க் காலை நீட்டுவார். கதவு திறக்கும். உள்ளே மின்சாரம் ஏற்றும் வயர், பெட்டி பிரிக்காமல் கிடக்கும். வெயில் தாங்காமல் கண்ணாடிக் கூரையின் திரையை மூடியே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை மழை. முச்சந்தியில் லோகா செம்மண் சப்பாத்துடன் நின்றாள். யோகேஸ்வரன் கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் பைகளை நீட்டினார்.

“சப்பாத்து மேல கட்டிக்கம்மா. சீட்டு வெள்ள பாரு.”

லோகா குனிந்து கட்டிக்கொண்டாள். பள்ளி வாசலில் அவிழ்க்க மறந்து, சரசரவென்று அப்படியே உள்ளே நடந்தாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் யாஷ்வினி தனக்கும் இரண்டு பை கேட்டாள். உன் சப்பாத்து சுத்தமாகத்தானே இருக்கிறது, உனக்கு எதற்கு என்று அப்பா கேட்டார்.

அன்று மாலை பிரேமாவதி தொலைபேசியில் பேசினாள். மேற்பார்வையாளரிடம் கெஞ்சி வேலை நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வாங்கிவிட்டாளாம்.

“இனிமே ஸ்கூல் பஸ்ல ஏத்தி விட்டுர்றேண்ணே. பஸ்ல பை கட்டச் சொல்லமாட்டாங்க.”

யோகேஸ்வரன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். நல்லதாகப் போயிற்று, பிரேமாவதிக்கு நம்மால் ஒரு நல்ல ஏற்பாடு அமைந்துவிட்டது என்று மனைவி சுபாஷினியிடம் சொன்னார். அவள் மகளைப் பார்த்தாள். மகள் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் இருக்கையைத் துடைத்து, கூரைத் திரையையும் விலக்கி வைத்தார்.

“இனி பின்னாடி பூரா உனக்குத்தான் யாஷு. எந்தப் பக்க ஜன்னல் வேணும்? நீயே எடுத்துக்க.”

தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. சுபாஷினி வாசற்கதவைத் திறந்து, கை காட்டி நிறுத்தினாள்.

சற்று நேரத்தில் ஃபுல் ஸ்பெக் காடி முச்சந்தியைக் கோசோங்காகக் கடந்தது.

யாஷ்வினி எடுத்துக்கொண்டது ஸ்கூல் பஸ்ஸில், லோகாவின் பக்கத்து இருக்கை.