மேனாம்பேட்டின் எகிப்து இளவரசி

எண்பத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்கு மேனாம்பேட்டில் நாடகம். என் மனைவி சாமுண்டீஸ்வரிக்கு, பூசாரிகளுக்கே தலைவியாகக் கோயிலை ஆண்ட எகிப்து இளவரசி வேடம். நானும் என் கூட்டாளி வேம்புலியும் அவள் காலில் விழவேண்டிய மொட்டைப் பூசாரிகள்.

“பொண்டாட்டி கால்ல வுழப்போறியா மாமே?” என்று சிரித்த வேம்புலி, ஒத்திகையில் விழவே இல்லை. நானும் நழுவினேன்.

“மேடையிலயாச்சும் நீ வுழுவியாய்யா?” என்று கேட்டாள் அவள்.

விழாவன்று, எகிப்துக் கோயில் பூசையில் ஆட்டும் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள். வேம்புலி விறைத்து நின்றான். நான் தொப்பையோடு தொபீரென்று விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பினேன். பூசாரிகளாக நாங்கள் இருவர் மட்டுமே ஏறிய மேடையில், எனக்குப் பின்னால் வரிசைவரிசையாக மொட்டைத் தலைகள் விழுந்து கிடந்தன.

“எழுந்திரிங்க” என்றாள், ஆணையிட்டுப் பழகிய குரலில்.

அவர்கள் எழுந்தார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தேன். என் பெண்டாட்டி ஆயிற்றே.