கண்ணாடியில் தெரு

கடைசியாக அலுவலகம் கிளம்பிய காலையில் அம்மா ஸ்கூட்டர் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, "இதுல கைய வெச்சே, கொன்னுடுவேன்டி" என்றாள். பன்னிரண்டு வயது நிரஞ்சனா ஏறி உட்கார்ந்தால் அதில் வானம்தான் தெரியும்.

அன்று வீடு திரும்பியதும் மாரடைப்பில் அம்மா போனாள். வண்டி மூன்று வருடம் உறைக்குள் கிடந்தது.

இப்போது தனக்கு அளவாக இருந்த அம்மாவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நிரஞ்சனா ஒருநாள் உறையை நீக்கி ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் பின்னால் இருந்த தெரு முழுதாகத் தெரிந்தது. யாரோ திருப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அடிக்கடி போன் செய்யும் அந்த ஆபீஸ் அத்தையா?

"வண்டிய யாருக்குப்பா குடுத்தீங்க?"

"சாவியே உங்கிட்டதானம்மா இருக்கு."

"இன்னொரு சாவி?"

அப்பா அவளையும் சுடிதாரையும் பார்த்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்கும் அதன் தண்டுக்கும் நடுவே படிந்திருந்த பழைய ஒட்டடை அறுபடாமல் இருந்தது.