சார்ஜா ஊடு

காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார் சலீமா பீவி.

"மொதல்ல சார்ஜாவுக்கு டிக்கெட் போடுங்க. அப்பறமா இங்க ஊடு கட்டுங்க."

கணவர் ஜெய்லானிக்குக் கோபம் தலைக்கேறியது. காளப்பநாயக்கன்பட்டியில் கிளம்பி, மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி, மேலே அரியூர் நாட்டுக்கு வந்து நின்ற பிறகா இந்தப் பேச்சு? மனைக்கு அளவு போட நூல் கயிறும் முளைக்குச்சியுமாக எதிரே கொத்தனார் ராசு காத்து நிற்கிறார்.

"சலீமா, ஆளு நிக்கறாரு. எறங்கு."

"நிக்கட்டுமுங்க. மூணு மாசமா இதைத்தான சொல்லிட்டிருக்கறேன்?"

இருபத்தெட்டு வருஷ சார்ஜா வாழ்க்கையை மூட்டை கட்டிக்கொண்டு ஜெய்லானி ஊர் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. கீழே இருக்கும் வீடு அவருக்கு இன்னும் ஒட்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நாற்பது நாள் லீவில் வந்து போன வீடு. இன்றைக்கும் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று தெரியாமல் தடவுகிறார். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு மட்டும் அலமாரியிலிருந்து நல்ல தட்டு இறங்குகிறது, விருந்தாளிக்கு இறங்குவது போல.

அதனால்தான் இந்த முடிவு. அவருடைய அத்தா மிளகு வியாபாரம் பார்த்த காலத்தில் மலை மேல் வாங்கிப் போட்ட இருபது சென்ட் இடம் சும்மா கிடந்தது. முதல் கல்லிலிருந்து கூடவே நின்று ஒரு வீடு கட்டிவிட்டால், அதிலாவது விருந்தாளியாக இருக்க வேண்டாமே!

சலீமாவோ, சார்ஜா பார்க்காமல் புது வீட்டு மண்ணில் கால் வைப்பதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். வீட்டில் மகள் சபீராகூடச் சிரித்திருந்தாள். "பேரன் எடுத்தாச்சு. அம்மாவுக்கு இப்பத்தான் நகைக்கடை வீதியும் பெரிய பெரிய கட்டடமும் பாக்க ஆசை வந்திருக்குது!"

ராசு பொறுத்துப் பார்த்துவிட்டுக் காருக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்கம்மா, அய்யா அத்தனை வருசம் பாடுபட்டு இப்பத்தான் வந்திருக்கறாரு. மறுபடியும் அங்கயே கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுன்னா எப்படிங்க?"

"சுத்திக் காட்டச் சொல்லலீங்க. இவரு இருந்த ஊட்டைப் பாக்கோணும். அவ்வளவுதான்."

ஜெய்லானி பயந்ததும் அதற்குத்தான்.

"அந்த வெயிலு உனக்குத் தாங்காது."

"உங்களுக்குத் தாங்குச்சுங்கல்ல?"

"பாஸ்போர்ட்டே இல்லாம எங்கிருந்து போவே?"

சலீமா கைப்பையைத் திறந்து புத்தம் புதுப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு பஸ் மாறி சேலம் போனேன். நானே எழுதிக் கொடுத்து வாங்கிட்டேன்."

இனி இவரைத் தடுக்க முடியாது என்று ஜெய்லானிக்குப் புரிந்துவிட்டது. ராசுவும் ஏதோ புரிந்தவராக மிளகுக்கொடிப் பக்கம் நகர்ந்தார்.

ஏழாவது மாடி, இரண்டு படுக்கையறை, பால்கனியில் நின்றால் கடல். தன் சார்ஜா வீட்டைப் பற்றி ஜெய்லானி ஊருக்குச் சொல்லி வந்தது அது. உண்மையில் இருந்தது, பழைய கட்டடம் ஒன்றில் எட்டுப் பேருக்கு ஒரே அறை. அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு அவருடையது. வேலை, சோபா கட்டில் விற்கும் கடையில் சாமான் தூக்குவது. வீட்டில் கவலைப்படக் கூடாதே என்று ஆரம்பித்த பொய், வருஷா வருஷம் மாடி மாடியாக ஏறிவிட்டது.

"சலீமா, நீ நெனைக்கற ஊடு அங்க இல்ல."

சலீமா பாஸ்போர்ட்டைத் திரும்பக் கைப்பையில் வைத்தார்.

"ஏழாவது மாடி, கடலு, அதெல்லாம் எப்பவுமே இருந்ததில்ல."

"தெரியுமுங்க."

ஜெய்லானி திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"வீடியோ கால்ல வாரத்துக்கு ஒரு சோபாவுல உக்காந்து பேசினீங்க. யாரு ஊட்டுலீங்க வாராவாரம் சோபா மாத்துவாங்க? ஒருநா உங்க தலைக்குப் பின்னால வெலைச்சீட்டு தொங்குச்சு. உங்க ரூமுல இருந்த நவ்ஷாத் தம்பி லீவுல வந்தப்பக் கேட்டேன். மறைக்கத் தெரியல அவருக்கு, எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டாரு. அதாச்சு எட்டு வருசம்."

"எட்டு வருசமா? ஒரு வார்த்தை கேக்கலியே சலீமா!"

"இன்னைக்குக் கடல் எப்படி இருக்குதுன்னு கேட்டா, அலை அடிக்கறதை அவ்வளவு ஆசையாச் சொல்லுவீங்க. அதை எதுக்குங்க கெடுக்கோணும்?"

"எல்லாந் தெரிஞ்சும் எதைப் பாக்க அங்க வரோணுங்கறே? அந்தக் கட்டிலையா?"

"கட்டிலையும் பாக்கோணும், அடுப்பையும் பாக்கோணும். நவ்ஷாத் தம்பி இன்னும் அதே ரூமுலதான் இருக்கறாரு, பேசிட்டேன். ஒரு வெள்ளிக்கெழம எட்டுப் பேருக்கும் நான் ஆக்கறேன். இருபத்தெட்டு வருசம் நீங்களே பொங்கித் தின்ன எடத்துல, ஒருவேளையாவது நீங்க உக்காரோணும், நான் பரிமாறோணும். அதுக்கப்பறம் நீங்க எங்க கட்டுனாலும் நான் வாரேன்."

ஜெய்லானி முகத்தைத் துடைத்துக்கொண்டு ராசுவைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு அளவு வேண்டாங்க ராசு. நாங்க மொதல்ல எங்க ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றோம்."

"கீழ இருக்கற ஊட்டுக்குங்களா?"

"இல்லீங்க, சார்ஜாவுல இருக்கற ஊட்டுக்கு."