ராஜாவுக்குப் போட்ட வலை

ஏணியின் மூன்றாம் படியில் நின்று எட்வினா வலையை உருவினாள். வலைக்குள் ஒரு பழம்கூட இல்லை.

இது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை. செப்டம்பரிலேயே தெரியும். தெரிந்தும், பறவைகள் கொத்திவிடும் என்று ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டு, வெறும் மரத்துக்கு வலை போட்டு மூடினாள். ஊர் கண்ணில் மண்ணைத் தூவும் எண்ணமா, மூடி வைத்தால் காய்த்துவிடும் என்ற நப்பாசையா, அது அவளுக்கே வெளிச்சம்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருந்தது. தேவாலயத்தை அலங்கரிக்கப் பத்து மணிக்கு எல்லாரும் கூடிவிடுவார்கள். வாசல் கதவு ஆணியில் தொங்கும் பச்சை இலை வளையம் எட்வினாவின் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக இந்த ஹாலி மரத்தின் இலையும் சிவப்புப் பழமும்தான் அந்த ஆணியில் தொங்கின. வேறு வீட்டுக் கிளையை அவள் அண்டவிட்டதில்லை.

போன வருடம் தபால் நிலையத்துப் பெரில், பாவம், ஆசையாக ஒரு வளையம் கட்டிக் கொண்டுவந்தாள். பழமெல்லாம் பிளாஸ்டிக். எட்வினா அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கி, கழிப்பறைக் கதவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று பாதிரியார் முன்னாலேயே சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்கு நன்றாகச் சாப்பிடவும் செய்தாள்.

மரத்தின் பெயர் கோல்டன் கிங். இலைக்குத் தங்க விளிம்பு. அவள் ராஜா என்றுதான் சொல்வாள். முதல் ஆறு வருடம் ராஜா வெறுமனே பூத்துக் கொட்டினார். பிறகு ஒரு வருடம் திடீரென்று காய்த்துத் தள்ளினார். எல்லாம் நான் போட்ட எலும்புத்தூள் உரம் என்று எட்வினா சொல்லாத வீடு இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் லோமஸ் வீட்டில் சில்வர் குவீன் என்ற இன்னொரு ஹாலி நின்றது. அவர் மனைவி டிலிஸ் வைத்த செடி. வெள்ளி விளிம்பு போட்ட அழகான இலை, ஆனால் ஒரு வருடம்கூடக் காய்த்ததில்லை. தெருவில் மற்றவர்கள் எல்லாரும் சைப்ரஸ் மரத்தை வேலியாக வளர்த்தவர்கள், ஹாலி வைத்தவர்கள் இல்லை. ஆகவே ஹாலி விஷயத்தில் எட்வினா இளக்காரம் செய்ய அந்த ஒரு செடிதான் அகப்பட்டது. டிலிஸ் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

போன வருடம் நவம்பரில் டிலிஸ் இறந்தாள். இந்த வருடம் ஜனவரியில் எட்வினா வேலியோரம் போய் நின்றாள். துக்கம் விசாரிக்க அல்ல.

"உங்க ராணி மலடி, லோமஸ். சும்மா நின்னு என் ராஜாவோட வெயிலைத்தான் மறைக்குது. வெட்டித் தள்ளுங்க."

பிள்ளை இல்லாத வீட்டு வேலியில் கை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு தடித்தனம் வேண்டும். எட்வினாவிடம் அது தாராளமாக இருந்தது. மறுநாள் ரம்பச் சத்தம் கேட்டது.

இப்போது அந்தக் காலி இடத்தில் தேநீர்க் கோப்பையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். ஏணியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், பழமில்லாத மரத்தையும் பார்த்தார்.

"பனிதான்," என்றாள் எட்வினா, யாரும் கேட்காமலே. "மே மாசப் பனியில பூவெல்லாம் கருகிப்போச்சு."

"பூவுக்கு ஒரு குறையும் இல்லீங்க. இந்த வருஷம் தேனீங்கதான் வெறுங்காலோட வந்துச்சு."

அவளுக்கு விளங்கவில்லை. லோமஸ் ஒரு மடக்கு குடித்தார்.

"ஹாலியில ஆண் வேற, பெண் வேற. பேரு வச்ச புண்ணியவான் மாத்தி வச்சுட்டான். உங்க ராஜா பொம்பளை. நீங்க வெட்டச் சொன்னீங்களே ராணி, அதுதான் ஆம்பளை. அதோட மகரந்தம் தேனீ கால்ல ஒட்டிட்டு வந்தாத்தான் இது காய்க்கும்."

எட்வினா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அவளுக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே வெட்டினீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? வேரைத் தோண்டினப்பதான் இது கிடைச்சுது. டிலிஸ் இதுல எழுதி வச்சபடி இத்தனை மாசம் வாயை மூடிட்டிருந்தேன். இந்த வலையைப் பார்த்தப்புறம் முடியல."

சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வேலிக்கு மேலே நீட்டினார். செடியில் பெயர் எழுதிக் கட்டுகிற சின்னத் துத்தநாகத் தகடு. எட்வினா இறங்கி வந்து வாங்கினாள். ஒரு பக்கம் செடியின் பெயர் இருந்தது. மறுபக்கத்தை விரலால் துடைத்தாள். பென்சில் எழுத்து மங்காமல் இருந்தது. டிலிஸின் கையெழுத்து.

'ஆண் செடி. எட்வினாவின் மரம் காய்க்க வேண்டி வைத்தது. அவளிடம் சொல்ல வேண்டாம். பாவம், மனசு கஷ்டப்படுவாள்.'