கைப்பிடி உமி

“குஞ்சுங்க பேப்பர் படிக்குமாம்மா?”

உமிக்கு மேல் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். இருபது நாள் குஞ்சுக்கு! எச்சத்தில் நனைந்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். அடியில் ஈரம் காயாது. இதெல்லாம் தெரியாமல்தான் கோழி வளர்க்க வந்துவிடுகிறார்கள்.

லிசியிடம்தான் கேட்டேன். அவள் கணவர் ஸ்டீபன்ராஜ் கொட்டகைக்கு வெளியே நின்றிருந்தார். நான் சொல்வதைக் கேட்டுச் செய்யத் தயாராக.

மண்ணச்சநல்லூர்ப் பக்கம் கோழிக்கு ஒன்றென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடப் பெயர். முந்நூறு குஞ்சுகளில் நேற்று மட்டும் ஒன்பது செத்திருந்தன. மார்கழிக் குளிர் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கி இறுக்கிக் கட்டச் சொன்னதும் நான்தான்.

இனி குஞ்சுகளுக்குத் தரையில் பரப்பும் படுக்கையை முடிவு செய்ய வேண்டும்.

பழைய உமியை வாரிவிட்டு மரத்தூள் போடலாம் என்றாள் லிசி. மரத்தூளாம்! தீனி என்று கொத்தித் தின்று, இரைப்பை அடைத்துச் சாகட்டும். தொட்டியத்திலிருந்து வாழைச் சருகு வரும் என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார் ஸ்டீபன்ராஜ். இந்தப் பனியில் சருகு இரண்டே நாளில் பூசணம் பூக்கும். புருஷனுக்கேற்ற பெண்டாட்டி.

உமியின் அழகு இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஒவ்வொரு உமியும் ஒரு சின்னப் படகு. அதன் குழிவில் காற்று தங்கும். அசையாத காற்று, தரையின் குளிரைக் குஞ்சின் வயிற்றுக்கு ஏறவிடாது. அடியிலுள்ள பழைய உமியோ எச்சத்தோடு சேர்ந்து மட்கும்போது தானே சூடு கொடுக்கும். விறகில்லாத அடுப்பு. அதைப் போய் வாரிக் கொட்டுவதா?

குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தாள் விலகியிருந்த ஓரத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கினேன். ஈரம் மிஞ்சியிருந்தால் கொழுக்கட்டையாக நிற்கும். கையைத் திறந்ததும் உதிர்ந்தது. அவளும் பார்க்கட்டும் என்று இன்னொரு பிடி அள்ளிக் காட்டினேன். அதுவும் உதிர்ந்தது.

லிசி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். டவுனில் பிறந்த நாசூக்கு. மூக்கை வைத்துப் படுக்கையைச் சோதிப்பவர்களைக் கண்டாலே எனக்குச் சிரிப்பு வரும். கை பொய் சொல்லாது.

இதன் மேலேயே புது உமியைக் கொட்டுங்கள் என்று சொல்லத் திரும்பினேன்.

என் முழங்காலருகே ஒரு குஞ்சு நின்றது. கண்ணை மூடி, இறக்கையில் தேய்த்தது. மறுபடியும் தேய்த்தது. சூட்டுக்குத் தொங்கவிட்ட பல்பின் அடியில் கிடந்தவற்றில் பாதி, கண்ணைத் திறக்கவே இல்லை.

இது குளிர் இல்லை.

தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றிப் பார்த்தேன். தாளுக்கு அடியில் உமி கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அம்மோனியா கிளம்பும். காற்றுக்கு வழியில்லாவிட்டால் தரையருகே, குஞ்சின் உயரத்தில்தான் அது செறிந்து நிற்கும். முதலில் கண்ணைச் சுடும். பிறகு மூச்சை.

இதைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு வருடம் தேவையில்லை. தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டும் யாருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

நான் கால் மணி நேரமாக அதன் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. பைக்கில் வந்த பனிக்காற்று என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

லிசி முந்தானையை இறக்கினாள்.

“இந்த நெடி உங்களுக்குத் தெரியலையா சார்?” தணிந்த குரலில்தான் கேட்டாள்.

ஐந்து வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் என்னிடமிருந்து எதை எடுத்துப் போனது என்று என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. பால் தீய்ந்த காபியையும் நல்லாயிருக்கு என்று குடித்துவிடுவேன்.

கையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டேன்.

அவள் வெளியே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, தார்ப்பாயை எல்லாம் தூக்குங்க. பழைய உமியையும் வாரிடணுமாம். சார் சொல்றாங்க.”